பின்வேலி

சமையலறை ஜன்னலுக்கு எதிரே
முப்பத்திரண்டு மாடியும் எழும்பி முடிந்த அன்று
குணசீலன் சொன்னார்:
"இனி நீ தோசை திருப்புவதை
முந்நூறு வீடு பார்க்கும்."

செத்தாப்பாக்கில் ஓரத்து வீடு எங்களுடையது.
பின்னால் நிலம் என்று சொல்லிக்கொள்ள
இருபத்தோரடி நீளம், ஒன்பதடி அகலம்,
ஒரு துணிக்கொடி,
ஒரு கேஸ் தோம்பு.

ஞாயிற்றுக்கிழமை சுங்கை பூலோ போனோம்,
சாலை நெடுக நாற்றுப்பண்ணைகள்.
சுங்கை பூலோ என்றால் மூங்கில் ஆறு.
ஊர்ப் பெயரே தன் கட்சிக்குச் சாட்சி என்று
காடியை ஓட்டிக்கொண்டே சிரித்தார்.

எனக்கு மகிழம் வேண்டும்.
இலை அடர்ந்து, தலை உருண்டு
எந்த மாதமும் மொட்டையாகாத மரம்,
உதிர்ந்த பூ காய்ந்து சருகான பின்னும்
மணத்தை விடாத மரம்.

"பச்சை மாறாததாம்," என்றார்.
"இந்த ஊரில் எதுதான் மாறியது?
ரப்பர் மட்டும் பிப்ரவரியில் கொஞ்சம் சிவந்து உதிரும்.
மற்றதெல்லாம் மாறாததுதான்,
நம் வீட்டுக் கடன் உட்பட."

கடைக்காரர் யாப்
இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்.
மூங்கில், தொட்டி எண்பத்தைந்து ரிங்கிட்.
ஒன்றரை வருடத்தில் கூரையைத் தொடும்.
கொத்தாக நிற்கும் ஜாதி, வேர் ஓடாது,
சத்தியம் என்றார்.
அவர் சத்தியம் செய்துகொண்டிருந்தபோது
அடுத்த கடையின் சிமெண்டுத் தரையைப் பிளந்து
ஒரு முளை எட்டிப் பார்த்தது.

மகிழம், முழங்கால் உயரம், நூற்றிருபது.
"ஜன்னலை மறைக்க எத்தனை வருடம்?" என்றேன்.
அவர் கன்றைப் பார்க்கவில்லை,
என் தலைமுடியைப் பார்த்தார்.
பன்னிரண்டு, பதினைந்து.
மலாயில் சொன்னதால்
கொஞ்சம் மெத்தென்று விழுந்தது.

எனக்கு ஐம்பத்தெட்டு முடிந்து
மூன்று வாரம் ஆகியிருந்தது.

ஏழு தொட்டி மூங்கில் வாங்கினோம்.
முன்னால் போன லாரியில்
இலைகள் எங்களைப் பார்த்துக் கையாட்டின.
"பெண்கள் தோளுக்கு மூங்கிலைத்தான் உவமை சொன்னார்கள்,
மகிழத்தையா சொன்னார்கள்?"
அந்தத் தோளுக்கு இரவில் தைலம் தேய்ப்பது
அவர் கை என்பதால்
விட்டுவிட்டேன்.

பதினாலே மாதம்.
சுவர் எழுந்துவிட்டது, காற்றடித்தால் பேசும் சுவர்.
மழைக்கு முன் ஒரு பெருமூச்சு,
மழை விட்ட பின் நெடுநேரம் சொட்டு.
தினம் ஒரு முறம் சருகு வாரினேன்.
கால்வாய் அடைத்துக்கொண்டதென்று
மாநகராட்சியிலிருந்து கடிதம் வந்தது.
முந்நூறு வீடும் காணாமல் போயின.

அதன் பிறகுதான் தெரிந்தது,
பதினொன்றாம் மாடியில், இடமிருந்து நாலாவதில்
விடிகாலை நாலரைக்கு எரியும் விளக்கை
நான் நாள் தவறாமல் பார்த்து வந்திருக்கிறேன் என்று.
இரவு வேலை முடிந்து வந்தவரோ,
பிள்ளைக்குப் பால் கலக்குகிறவரோ.
நான் மாவில் உப்பு போடும் நேரம்
அங்கே ஒரு நிழல் குனியும், நிமிரும்.
அவ்வளவுதான் பழக்கம்.

போன வாரம் ரம்பம் எடுத்து
இரண்டு கழிகளை அறுத்தேன்.
என் முகம் கொள்ளும் அளவுக்கு ஓர் இடைவெளி.
"பூச்சியா?" என்றார் குணசீலன்.
"ஆமாம்," என்றேன்.

நேற்று எங்கோ தனியாகப் போய் வந்தார்.
துணிக்கொடிக்குக் கீழே புது மண்.
இடைவெளிக்கு நேராக அல்லாமல்
இரண்டடி தள்ளி, அளந்து வைத்ததுபோல்
முழங்கால் உயரத்தில் ஒரு மகிழம்.
விலைச்சீட்டு இன்னும் தொங்குகிறது,
நூற்று முப்பத்தைந்து.

"ஏறிவிட்டது," என்றார்
மண்கையைக் கழுவிக்கொண்டே.